கழுத்து வலிக்குக் காரணம் சார்ஜர் வயர்

"கழுத்திலிருந்து தோள்பட்டை வரைக்கும் இழுக்குது டாக்டர். தலையைத் திருப்பவே முடியல."

கொரோனா ஊரடங்கு தொடங்கி மூன்றாவது மாதம் அது. நான் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளை நேரில் பார்க்க வழியில்லாமல் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும், கணக்குப் பிரிவில் வேலை. கழுத்தை நாலு பக்கமும் அசைக்கச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னேன். மரத்துப்போவதோ பலவீனமோ எதுவும் இல்லை. கடைசியில், "சரி, தினமும் எங்க உட்கார்ந்து வேலை பார்ப்பீங்களோ அங்கேயே போய் அதே மாதிரி உட்காருங்க. போனை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றேன்.

கட்டிலில் போய் உட்கார்ந்தார். முதுகுக்கு ஒரு தலையணை. லேப்டாப்போ அவருக்கு நேராக இல்லை, இடப்பக்கம் கட்டில் ஓரத்தில் இருந்தது. உடம்பு ஒரு பக்கம் பார்க்க, தலை இன்னொரு பக்கம் திரும்பிக் குனிந்திருந்தது. ஏன் அங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அவரே அப்போதுதான் யோசித்தார். பிளக் பாயின்ட் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. சார்ஜர் வயர் அதற்கு மேல் எட்டாது. தினமும் பத்து மணி நேரம், மூன்று மாதமாக அந்த வயர் விட்ட அளவுக்குத்தான் அவர் கழுத்து திரும்பியிருந்தது.

பயிற்சிகளைச் சொல்லிக்கொடுக்கும் முன்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

அதற்கு முன்பு பல வருடம் கிளினிக்கில் இருந்தும், ஒரு நோயாளி தன் வீட்டில் எப்படி உட்காருகிறார் என்று நான் பார்த்ததே இல்லை. பெருந்தொற்றுதான் அதைக் காட்டியது. மாடிப்படியில் உட்கார்ந்து மீட்டிங் பேசியவர்கள், துணி தேய்க்கும் பலகையை மேசையாக்கியவர்கள், குழந்தை தூங்கும் அறையில் வெளிச்சம் கூடாதென்று இருட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்று எத்தனையோ பேர்.

எல்லாரும் குறை சொன்னது நாற்காலியைத்தான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நல்ல நாற்காலி வாங்கிப் போட்டவர்களும் அதே வலியோடு வந்தபோது கேள்வியை மாற்றிக்கொண்டேன். எப்படி உட்காருகிறீர்கள் என்பதோடு, கடைசியாக எப்போது எழுந்தீர்கள் என்றும் கேட்க ஆரம்பித்தேன். அதற்குப் பெரும்பாலும் பதில் வராது.

ஆபீஸ் போகும் நாளை நினைத்துப் பாருங்கள். வண்டி பிடிக்க நடந்தீர்கள், படி ஏறினீர்கள், மீட்டிங் அறைக்குப் போனீர்கள், ஒரு சந்தேகம் கேட்க நாலு மேசை தள்ளிப் போய் நின்றீர்கள். யாரும் இதையெல்லாம் உடற்பயிற்சி என்று எண்ணியதில்லை. ஆனால் உடம்பு அதை வைத்துத்தான் சமாளித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயிற்று. ஒரு மீட்டிங்கிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு கிளிக் போதும்.

முதுகெலும்பின் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல உள்ள டிஸ்க்குகளுக்கு, வளர்ந்த பிறகு நேரடி ரத்த ஓட்டம் அநேகமாகக் கிடையாது. நாம் எழுந்து, குனிந்து, நடக்கும்போது அவை அழுந்தி விரிகின்றன. நீரும் சத்தும் உள்ளே போய் வருவதற்கு அந்த அசைவு உதவுகிறது. கால் விஷயமும் இதேதான். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் தேங்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அதனால்தான் அதை இரண்டாவது இதயம் என்பார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் அந்த இதயம் சும்மா கிடக்கும்.

கழுத்தின் கதை தனி. தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. குனியக் குனியக் கழுத்து தாங்க வேண்டிய பாரம் ஏறும். 60 டிகிரி குனிந்தால் அது 27 கிலோ வரை போகலாம் என்று 2014இல் ஒரு முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். இது கேட்பவர்களைப் பயமுறுத்துவதால் ஒன்றைச் சேர்த்தே சொல்வேன். கழுத்து குனிவதற்குத்தான் இருக்கிறது, குனிவதால் ஒன்றும் உடைந்துவிடாது. குனிந்தபடியே மணிக்கணக்கில் விட்டுவிடுவதுதான் பிரச்சினை.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. திரையை உயர்த்தினால் கை தூக்கிக்கொள்ளும், கையை வசதியாக வைத்தால் கழுத்து குனியும். எனவே நாள் முழுக்க லேப்டாப்பில் வேலை என்றால் தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கிவிடுங்கள். தடித்த புத்தகங்களை அடுக்கி அதன் மேல் லேப்டாப்பை வைத்தால் திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வந்துவிடும். (தூரத்துக்கு மேலேயும் படிக்கக் கீழேயுமாக இரண்டு பகுதி உள்ள பைஃபோகல் கண்ணாடி போட்டவர்கள் அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே பார்க்க முகவாயைத் தூக்கித் தூக்கியே கழுத்து பிடித்துக்கொள்ளும்.) பாதம் தரையில் பதியட்டும், எட்டாவிட்டால் ஒரு பெட்டியை வையுங்கள். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும்.

இவ்வளவும் செய்துவிட்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் பயனில்லை. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள், ஒரு நிமிடம் போதும். பேச மட்டும் வேண்டிய அழைப்புகளை நடந்துகொண்டே பேசுங்கள். என் நோயாளிகளில் அதிகம் பேர் விடாமல் கடைப்பிடித்தது இந்த ஒன்றைத்தான். நேரம் ஒதுக்கிச் செய்யச் சொன்ன பயிற்சிகளை முதல் வாரத்தோடு பலர் விட்டுவிட்டார்கள்.

நல்லது எதுவுமே நடக்கவில்லையா? நடந்தது. சிறு வயதிலிருந்தே ஒரு காலில் பலவீனம் உள்ள ஒருவர் பல வருடமாக என்னிடம் வருகிறார். தினமும் இரண்டு பேருந்து மாறி, நெரிசலில் நின்றபடி ஆபீஸ் போய் வருவார். மாலையில் இடுப்பு வலி தாங்காது. வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு வலி மாத்திரையே எடுக்கவில்லை என்றார். மதியம் பத்து நிமிடம் காலை நீட்டிப் படுக்க முடிந்ததும், அதற்காக யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியில்லாமல் போனதும் அவருக்குப் பெரிய விடுதலை. பிரசவம் முடிந்து ஆறாவது மாதத்தில் வேலைக்குத் திரும்பிய ஒரு தாய், குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. இவர்களிடம் போய், வீட்டில் வேலை பார்ப்பது உடம்புக்குக் கேடு என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். சீனாவின் ஒரு பயண நிறுவனத்தின் கால் சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினரை ஒன்பது மாதம், வாரத்துக்கு நாலு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தார்கள். வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போவோர் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள், வீட்டில் வேலைக்கென ஓர் அறை உள்ளவர்கள். அவர்களிலேயே கணிசமானோர் தனிமை தாங்காமல் பிறகு ஆபீஸ் திரும்பினார்கள். 2020இல் யாரும் யாரையும் கேட்கவில்லை. பக்கத்து அறையில் நோயாளி, எதிரே ஆன்லைன் வகுப்பில் குழந்தை, மனதில் பயம். அந்த நாட்களை வைத்து வீட்டிலிருந்து வேலை பார்ப்பதையே எடைபோடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

பெண்களுக்கு இது இரட்டைச் சுமையாகவே இருந்தது. அழைப்புக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடியவர்களுக்கு அசைவுக்குக் குறைவில்லை, ஓய்வுதான் இல்லை. "எழுந்து நடங்க" என்று அவர்களிடம் சொல்வதைச் சீக்கிரமே நிறுத்திக்கொண்டேன். அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுக்க முடியுமா என்று வீட்டில் மற்றவர்களையும் வைத்துக்கொண்டு கேட்டேன்.

இன்னொன்று, வேலை நேரம். 16 நகரங்களின் மின்னஞ்சல், மீட்டிங் தரவுகளை வைத்து 2020இல் நடந்த ஆய்வு, ஊரடங்கில் வேலைநாள் சராசரியாக 48 நிமிடம் நீண்டதாகக் காட்டியது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. வீட்டில் இந்தக் கணக்கு நமக்கே தெரியாமல் ஏறிவிடும். லேப்டாப்பை மூடி, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். ஆபீஸ் விட்டு வரும் வழியில் மனம் செய்த வேலையை அந்த நடை செய்யும்.

பெரும்பாலான கழுத்து, முதுகு வலிகள் இந்த மாற்றங்களிலேயே அடங்கிவிடும். சில அறிகுறிகளை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதுகு வலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலம் குறைவது, கைகள் மரத்துப் பிடி தளர்வது இவையெல்லாம் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டியவை. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

"வீட்டுலதானே உட்கார்ந்திருக்கேன், எனக்கு என்ன ஆகப்போகுது" என்று ஒருவர் அந்த வீக்கத்தை ஐந்து நாள் தள்ளிப்போட்டிருந்தார். தசைப்பிடிப்புக்குப் பயிற்சி கேட்டுத்தான் என்னை அழைத்தார். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக் கேமராவில் காட்டச் சொன்னேன். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். காலில் ரத்தக்கட்டி. அது நுரையீரலுக்குப் போகும் முன் சிகிச்சை கிடைத்துவிட்டது.