ஐந்து கிராம் கைப்பாரம்

தலையையும் முதுகின் அடிப்பகுதியையும் லேசாகத் தொட்டுச் செய்யும் கிரேனியோசேக்ரல் தெரபியில் கையின் அழுத்தம் ஐந்து கிராமைத் தாண்டக்கூடாது என்று சொல்லித் தருவார்கள். முக்கால் பவுன் நகைகூட அதைவிடக் கனம். உடுத்திய உடையோடு மல்லாந்து படுத்தால் போதும். பின்மண்டைக்கு அடியிலும் இடுப்புக்குக் கீழே திருவெலும்புக்கு அடியிலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிகிச்சையாளர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். எண்ணெய் கிடையாது, நெட்டி எடுப்பது கிடையாது. பாதியிலேயே குறட்டை விடுபவர்கள் உண்டு.

பிசியோதெரபிஸ்டாக நானும் இந்தத் தொடுமுறையைப் பயன்படுத்துகிறேன். கழுத்துவலியோடு வருபவர்களில் சிலர் கை பட்டாலே தோளைத் தூக்கிக்கொள்வார்கள். மண்டையும் கழுத்தும் சேருமிடத்தில் விரல் நுனிகளைக் கொடுத்துத் தலையின் பாரத்தை வாங்கிக்கொண்டால், கொஞ்ச நேரத்தில் தோள் தானாக இறங்கும். நெஞ்சில் நின்ற மூச்சு வயிறுவரை போகும். பிறகு பயிற்சி சொல்லிக்கொடுத்தால் பயமில்லாமல் செய்கிறார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விளம்பரங்கள் சொல்லும் காரணமோ வேறு. எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதி முறையைப் படித்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் சதர்லேண்ட், மாணவராக இருந்தபோது பிரித்து வைத்த மண்டையோட்டைப் பார்த்தார். காதையொட்டிய எலும்பின் ஓரம் மீன் செவுள்போல இருக்கிறதே, இதுவும் மூச்சுவிடுமோ என்று யோசித்தார். 1970களில் அதே முறை படித்த ஜான் அப்லெஜர் என்ற மருத்துவர் அதைத் தனிச் சிகிச்சையாக வளர்த்தார். மூளை, தண்டுவட நீர் நிமிடத்துக்கு 6 முதல் 12 தடவை ஏறி இறங்குகிறது, அந்த லயம் தடைபட்டால் நோய், கையால் உணர்ந்து சரிசெய்யலாம் என்பது கொள்கை.

அந்த நீர் உண்மைதான். ஏறக்குறைய 150 மில்லி இருக்கும். நாளொன்றுக்கு அரை லிட்டர் சுரக்கிறது. இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்ப அது அசைவதை எம்ஆர்ஐயில் பார்க்கலாம். ஆனால் ஒரே ஆளை இரண்டு சிகிச்சையாளர்கள் தொட்டு எண்ணினால் கணக்கு ஒத்துவரவில்லை என்றே ஆய்வுகள் காட்டின. நாள்பட்ட வலிக்குப் பலன் உண்டு என்றது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வு; 2024இல் வந்த இன்னொன்று இல்லை என்றது. இந்த நிலையில் ஆட்டிசத்தைக் குணமாக்குவோம், வலிப்பை நிறுத்துவோம் என்று பணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

குழந்தைகள் விஷயத்தில்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. குளிப்பாட்டும்போது பாட்டி தலையைப் பிடித்து உருட்டினால் சண்டைக்குப் போகும் அம்மாக்களே, அதே வேலைக்கு இந்தச் சிகிச்சையாளர்களிடம் கட்டணம் கட்ட வரிசையில் நிற்கிறார்கள்! பின்தலை தட்டையாக இருந்தால், விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போடுங்கள். தூங்க வைப்பது மல்லாக்கத்தான். ஒரே பக்கமாகத் தலையைத் திருப்புகிறது என்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். சீக்கிரம் காட்டினால் எளிதில் சரியாகும். உச்சிக்குழி அழாதபோதும் புடைத்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

பெரியவர்களும் அப்படித்தான். திடீரென்று வந்த கடும் தலைவலி, வாந்தி, கைகால் மரத்தல், அண்மையில் தலையில் அடி, அடிபட்டபின் மூக்கில் தண்ணீராக ஒழுகுதல், மூளை ரத்தக்குழாயில் வீக்கம் என்று முன்பே தெரிந்திருத்தல்: இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர்தான். மற்றவர்கள் இளைப்பாறலுக்காகப் போய்வரலாம். பத்து சிட்டிங்குக்கு முன்பணம் மட்டும் கட்டாதீர்கள். இரண்டு மூன்று தடவையில் வலியோ தூக்கமோ மாறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பிரஷர், வலிப்பு மாத்திரையை விடச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.