காட்டுக்குள் ஏன் இத்தனை பள்ளம்?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மிடில்டன் பூங்கா இருக்கிறது. அங்குள்ள காட்டுக்குள் நடந்தால் தரை ஏறி ஏறி இறங்கும். நடுவில் குழி, சுற்றிலும் வளையமாக மண்மேடு. பெரிய உளுந்து வடையைத் தரையில் அழுத்தி வைத்தது போல. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எல்லாம் பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் வாய்கள்.

கிணறு வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெட்டிய மண்ணை வாயைச் சுற்றித்தானே கொட்டுவோம்? கரி அடுக்கு மேலாகவே கிடக்கும் இடங்களில் சில மீட்டர் தோண்டினாலே கரி தட்டுப்படும். அப்புறம் அடியில் நாலாபுறமும் குடைந்து எடுப்பார்கள். கழுத்து குறுகி அடி அகன்று, குழி கோயில் மணி போல ஆகிவிடும். மணிக்குழி என்ற பெயரே அதனால்தான். முட்டுக்கொடுக்காமல் குடைவதால் கூரை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. காற்றும் கெடும்: கரி மெல்ல ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, கனமான கரியமில வாயு அடியில் தேங்கும். இதையெல்லாம் சமாளிப்பதைவிடப் பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்டுவது லாபம். புதுக் குழியின் மண் பழையதற்குள் போகும். ஆனால் கரி எடுத்த இடம் காலிதானே? கூரை சரிந்து, மேலே கொட்டிய மண்ணும் அமுங்க, பள்ளம் விழுகிறது.

சரி, வளையத்தைக் கண்டால் மணிக்குழி என்று சொல்லிவிடலாமா? பலரும் சறுக்குவது இங்கேதான். கரியையே தூண்களாக விட்டு அறை அறையாக வெட்டிய ஆழமான சுரங்கத்தின் வாயும் மேலிருந்து இப்படித்தான் தெரியும். மேட்டைக் கவனித்தால் துப்பு கிடைக்கும். ஆழம் கூடக்கூட வெளியே வந்த கல்லும் மண்ணும் கூடும், மேடு பெரிதாகும். கரியை மேலே இழுக்கக் கையால் சுற்றும் உருளை போதாமல் குதிரையைப் பூட்டியிருப்பார்கள். செக்குமாடு போலக் குதிரை சுற்றி வந்த வட்டமான சமதளம் சில மேடுகளின் அருகே இன்னும் கிடக்கிறது. வாய்களுக்கு இடையே தூரம் அதிகமென்றால், அடியில் வெகுதூரம் குடைந்திருக்கிறார்கள் என்று பொருள்.

மரங்கள் மூடிய காட்டில் இதைக் கண்ணால் அளப்பது கஷ்டம். அதனால் விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்புகிறார்கள். இலை இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பியவற்றை மட்டும் பிரித்தெடுத்தால், படத்தில் காடு காணாமல் போய் மேடும் பள்ளமும் மட்டும் மிஞ்சும்.

மிடில்டன் குழிகள் பட்டியலிடப்பட்ட தொல்சின்னம். 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி அனுமதியில்லாமல் அவற்றைத் தோண்டக் கூடாது; உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்தவும் அனுமதி வேண்டும். பூங்காவை அழகாக்குகிறேன் என்று அனுமதியில்லாமல் ஒரு லாரி மண்ணைக் கொட்டிப் பள்ளத்தைத் தூர்த்தால், அதுவும் குற்றம்தான்.