சைக்கிள் கடையில் ஸ்பனர் இரவல் கேட்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடைகளில் காசுக்காக வரும் சண்டை குறைவு. நேரத்துக்காகவும் கருவிக்காகவும் வரும் மனக்கசப்புத்தான் கூட. "ஒரு சின்ன ஸ்பனர்தானே அண்ணை, தந்தால் குறைஞ்சா போவியள்?" என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். "அது இல்லைத் தம்பி" என்று கடைக்காரர் வெட்டிவிடுவார். கேட்ட ஸ்பனர் அவர் கையிலேயே இருக்கும். இருவருமே நியாயம் தம் பக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகப் பிள்ளைகளும் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் தோட்டக்காரரும் வந்துபோகும் வீதியில் கடை வைத்திருப்பவன் நான். கடைக்காரன் பக்கம் நின்றுதான் எழுதுகிறேன். ஆனாலும் கடைகள் திருந்த வேண்டிய இடங்களையும் சொல்லாமல் விடப்போவதில்லை.

கருவி இரவல் கேட்பது இந்த ஊரில் புதிதல்ல, தவறுமல்ல. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையும் மின்சாரம் இல்லாத இரவுகளுமாக இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். விறகு, நெல் மூட்டை, நோயாளி எல்லாம் கறியரில்தான் போயின. ஒரு கடையில் இருந்த கருவி நாலு கடைக்குக் கைமாறும். வீட்டில் திருத்தத் தெரிந்தவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் எல்லாக் கருவியும் ஒன்றல்ல.

முதலில் பம். அநேகமான கடைகளில் கைப்பம் வாசலிலேயே நிற்கும். யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, அடித்துவிட்டுப் போவார்கள். "பம் இறுகுது, பழுது" என்று சொல்பவர்களுக்கு ஒரு விளக்கம். பழைய வகை வால்வில் ஊசி போன்ற உள்துண்டு ஒன்று இருக்கும். அதன்மேல் மெல்லிய ரப்பர் குழாய் போர்த்தியிருக்கும், வால் ரியூப் என்போம். வெயிலில் நின்று நின்று அது ஊசியோடு ஒட்டிப்போகும். அடிக்கும் காற்று உள்ளே போக வழி இருக்காது. நீங்கள் பலங்கொண்ட மட்டும் அழுத்துவீர்கள், பழி பம்மின் மேல் விழும். அந்த ரப்பரை மாற்ற ஒரு நிமிடம் போதும். மோட்டார்சைக்கிள் கடைக் கொம்பிரசரில் போய் அடித்தால் அதைவிட மோசம். சைக்கிள் ரியூப்புக்குள் கொஞ்சக் காற்றே பிடிக்கும். கண்மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டிவிடும். எவ்வளவு அடிக்கலாம் என்று ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

அடுத்தது சாதாரண ஸ்பனர், திருகாணி முடுக்கி, அலன் கீ என்ற அறுகோணச் சாவி. சீற்றை உயர்த்த வேண்டும், மட்காட் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்றால் கடை வாசலிலேயே நின்று செய்யுங்கள். இதற்கு மறுக்கிற கடைக்காரர் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. வில்லங்கம் "வீட்டை கொண்டுபோய்ப் பத்து நிமிசத்தில தாறன்" என்பதில்தான் தொடங்குகிறது. அந்தப் பத்து நிமிடம் அடுத்த நாள் பின்நேரம் வரை நீளும். பெடலுக்கும், பெரும்பாலான சைக்கிள்களின் பின்சில்லு நட்டுக்கும் 15 மில்லிமீற்றர் ஸ்பனர்தான். அது போனால் அன்று பின்சில்லு கழற்ற வந்த எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். நீங்கள் கொண்டுபோனது ஒரு இரும்புத் துண்டுதான், ஆனால் அதோடு கடைக்காரரின் அன்றைய வேலையும் போகிறது. அதனால் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு ஸ்பனரைக் கொண்டுபோகச் சொன்னால் கோபிக்காதீர்கள். உங்களைக் கள்ளன் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வரும் அவசரம் உங்களுக்கும் இருக்கட்டும் என்பதுதான்.

கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்வது மூன்று. ஒன்று கோன் ஸ்பனர். சில்லு அச்சில் போல்ஸ் என்ற உருக்குக் குண்டுகளை அணைத்து நிற்கும் கூம்பு நட்டுத்தான் கோன், அதைப் பிடிப்பதற்காகவே மெல்லிய தகடாகச் செய்த கருவி அது. அதைக் கொண்டுபோய்ப் பெடலில் மாட்டி இழுத்தால் வாய் விரிந்துவிடும், பிறகு கோனுக்கும் உதவாது. இரண்டாவது கம்பி முறுக்கும் சாவி. சில்லு ஒரு பக்கம் இழுக்கிறது என்றதும் அந்தப் பக்கக் கம்பிகளை எல்லாம் ஆசை தீர முறுக்குவார்கள். இழுக்கும் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று முறுக்கி, ஒவ்வொரு முறையும் சில்லைச் சுற்றிப் பார்த்துத்தான் நேராக்க வேண்டும். ஒரேயடியாக முறுக்கினால் கோணல் போகாது, றிம் வட்டம் கெட்டு முட்டை வடிவமாகிவிடும். மூன்றாவது, பின்சில்லின் பல்லுச் சக்கரமான பிறீவீலைக் கழற்றும் கருவி. அதன் பற்கள் சரியாகப் பொருந்தாமல் திருகினால் கருவியும் போகும், பிறீவீலும் போகும்.

பெடலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரவல் ஸ்பனரால் வரும் சேதத்தில் நான் அதிகம் கண்டது இதுதான். வலப்பக்கப் பெடல் வழக்கமான புரி, வலமாகத் திருப்பினால் இறுகும். இடப்பக்கப் பெடல் தலைகீழ்ப் புரி, இடமாகத் திருப்பினால்தான் இறுகும். மிதிக்கும்போது தானாகக் கழலாமல் இருப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இது தெரியாதவர் இடப்பெடலைக் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்குவார். அசையவில்லை என்று ஸ்பனரில் குழாய் மாட்டி ஏறி மிதிப்பார். ஒன்றில் ஸ்பனர் வழுகி அடிபடும், அல்லது பெடலைத் தாங்கும் தண்டான கிறாங்கின் புரி அறுந்துபோகும். புரி அறுந்தால் பெடல் மாற்ற வந்தவர் கிறாங்கும் மாற்ற வேண்டும். இரண்டு பெடலும் கழற்றுவது ஒரே மாதிரி என்று நினைவில் வையுங்கள்: ஸ்பனரின் பிடியை மேல்நோக்கி நிறுத்தி, பின்சில்லுப் பக்கம் தள்ளினால் கழலும்.

சரி, இனி கடையிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதற்கு வருவோம். எங்கள் ஆட்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

2022-இல் பெற்றோல் வரிசை நீண்டபோது, கோடிப்புறத்தில் கிடந்த பழைய ராலேயும் லுமாலாவும் எல்லாம் தூசு தட்டப்பட்டுக் கடைகளுக்கு வந்தன. அதுவரை மோட்டார்சைக்கிள் சேர்விஸ் நிலையத்துக்கு மட்டும் போய்ப் பழகியவர்கள் முதன்முறையாக எங்கள் வாசலில் நின்று, "எத்தனை மணிக்கு வரலாம்? எவ்வளவு முடியும்? சிட்டை தருவீங்களோ?" என்று கேட்டார்கள். பல கடைக்காரர்களுக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. "விட்டிட்டுப் போங்கோ, பாப்பம்" என்பது பதில் இல்லை. வேலையைப் பார்த்துவிட்டு, இன்ன நேரம், ஏறத்தாழ இவ்வளவு காசு, கூடினால் செய்வதற்கு முன் தொலைபேசியில் கேட்பேன் என்று சொல்வது கடைக்காரரின் கடமை. கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்களுடையது. தரத் தயங்கும் கடையில் அடுத்த முறை யோசியுங்கள்.

பஞ்சர் ஒட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டுவது பாதி வேலைதான். எது குத்தியது என்று ரயரின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பது மறுபாதி. நெருஞ்சி முள்ளோ போத்தல் ஓடோ உள்ளே மாட்டியபடி இருந்தால், வீட்டுக்குப் போய்ச் சேருமுன் மறுபடி காற்றுப் போகும். ஓட்டை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், இடத்தை வைத்தே காரணம் தெரியும். வெளிப்பக்கம் என்றால் வீதியில் கிடந்தது குத்தியது. றிம்மைப் பார்த்த உள்பக்கம் என்றால் கம்பி முனை துருத்துகிறது, அல்லது றிம்மின் உள்பட்டி விலகிவிட்டது. அதைச் சரிசெய்யாமல் ஒட்டிப் பயனில்லை. அருகருகே சோடியாக இரண்டு ஓட்டை என்றால், காற்றுக் குறைந்த சில்லோடு குழியில் விழுத்தியிருக்கிறீர்கள். அதற்குக் கடைக்காரரோடு சண்டை பிடிக்கக்கூடாது.

ரயர் அளவிலும் அடிக்கடி தகராறு வரும். 26 × 1⅜ என்று எழுதிய ரயரும் 26 × 1.95 என்று எழுதிய ரயரும் இரண்டுமே "இருபத்தாறு"தான், ஆனால் ஒன்றின் றிம்மில் மற்றது ஏறாது. முன்னையது ரயர் அமரும் இடத்தில் 590 மில்லிமீற்றர் விட்டமுள்ள றிம்முக்கு, பின்னையது 559-க்கு. பெரிய ஆட்கள் ஓடும் பழைய 28 × 1½ சைக்கிளுக்கு 635. நகரத்துக் கடையொன்றில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்து "இதைப் போட்டுத் தாங்கோ" என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய ரயரில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய ராலே வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: கிறாங்குகள் சுழலும் நடு அச்சைத் தாங்கும் கப்பின் புரி பெரும்பாலான சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24 சுற்று, ராலே தன் சைக்கிள்களுக்கு 26 வைத்தது. "கப் ஒன்று மாத்த ஒரு கிழமையோ?" என்று கேட்கும்போது, பொருத்தமான கப் தேடித்தான் அந்தக் கிழமை போகிறது. வெளியில் வாங்கிக் கொடுத்த சாமான் பழுதானால் அதற்குக் கடை பொறுப்பில்லை. பூட்டிய வேலைக்கு மட்டும் பொறுப்பு.

செயின் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பத்தான் வேண்டும் என்றில்லை. பிள்ளையின் அடிமட்டம் போதும். ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்து 24 இணைப்பு எண்ணினால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் ஆணியின் நடு வரும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். எட்டில் ஒன்று தாண்டியிருந்தால் பல்லுச் சக்கரமும் தேய்ந்திருக்கும், அப்போது செயினை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்க முடியாது.

கழுவிப் பூட்டுவதற்கு ஒரு மணித்தியாலம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். சில்லு அச்சுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, போல்ஸ் பார்த்து, கிறீஸ் வைத்து, கோன் ஆட்டமும் இறுக்கமும் இல்லாமல் பிடிப்பது அவசரத்தில் நடக்காது. வழக்கமாகப் பின்னச்சில் பக்கத்துக்குக் கால் அங்குலப் போல்ஸ் ஒன்பது, முன்னச்சில் பக்கத்துக்கு அதைவிடச் சின்னப் போல்ஸ் பத்து. ஒன்று தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும். பழையதோடு புதிதைக் கலந்தால் பாரம் முழுவதும் புதிதின் மேல் விழும்.

எப்போது வருவது என்பதும் முக்கியம். காலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூடப் பிள்ளை காற்றுப் போன சைக்கிளோடு கண் கலங்கி நிற்கும்போது, உங்கள் மணி அடிக்கவில்லை என்று வராதீர்கள். மத்தியானத்துக்குப் பிறகு வந்தால் ஆறுதலாகக் கதைத்து வேலை செய்யலாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் அந்த இருபத்தைந்து நாளும் எங்களுக்கு வேறு கணக்கு. சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களில் நெருக்கி அடுக்கிய சைக்கிள்களின் வளைந்த ஹாண்டிலும் முறிந்த ஸ்ராண்டும் எங்களிடம்தான் வரும். பெரிய வேலையை அதற்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கருவி தேவைப்படுகிறவர் வீட்டில் வாங்கி வைப்பதே மேல். நீளப் பிடியுள்ள 15 ஸ்பனர் ஒன்று, 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் கீ, ஒட்டுப் பெட்டி, ரயர் கழற்றும் லீவர் இரண்டு. லீவருக்குப் பதில் திருகாணி முடுக்கியால் ரயரைக் கிளப்பாதீர்கள். பஞ்சராகாத ரியூப்பையும் அது குத்திவிடும்.

கடைசியாக, ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்களுக்கு. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமானதல்ல. சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், அதற்குப் பாவிக்கும் சாமான் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது சைக்கிள் கடைக்கும் பொருந்தும். முதலில் முதலாளியோடு கதையுங்கள், வேலை செய்த பெடியனோடு அல்ல. அதில் தீராவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், மாற்றிய பழைய சாமானும் கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் போனால் உங்கள் சொல்லும் கடைக்காரரின் சொல்லும் மட்டும்தான் மிஞ்சும்.