வாடும் ரோஜாவுக்கு மருந்தடிக்கும் முன்

"தண்ணியெல்லாம் ஒழுங்காத்தான் ஊத்துறேன் தம்பி, ஆனாலும் வாடுது." சிங்கப்பூரில் சமூகத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லப் போகும்போது அக்காமார்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. அடித்தண்டைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்ப்பேன். பிடிப்பில்லாமல் ஆடினால், கோளாறு வேரில்தான்.

இலையிலும் ஓட்டைகள் இருந்தால் என் சந்தேகம் அடோரெட்டஸ் வண்டின் மேல் போகும். பழுப்பு நிறம், சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், உடம்பில் பொடி மயிர். இங்கே ஏழு மணிக்கு மேல் இருட்டியதும் வெளியே வந்து ரோஜா, வெண்டை, அவரை இலைகளைச் சல்லடையாக்கிவிடும். பகலில் மண்ணுக்குள்ளோ சருகுக்கடியிலோ ஒளிந்துகொள்ளும். அதனால்தான் பகலில் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படுவதில்லை. முட்டையிடுவதும் மண்ணில்தான். பொரிந்து வரும் வெள்ளைப் புழு அங்கேயே வேரைத் தின்று வளரும். இலைக்கு மட்டும் மருந்தடித்தால் இந்தப் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

தமிழ்நாட்டில் நிலக்கடலை, கரும்பு போட்டவர்களுக்கு வேர்ப்புழு புதிதல்ல. அது ஹோலோட்ரைக்கியா என்ற வேறு வண்டின் புழு. கோடை மழை பெய்ததும் அந்த வண்டுகள் மொத்தமாகக் கிளம்பி வேப்பமரத்தில் ஏறும். இரவில் கிளையை உலுக்கிப் பிடித்து அழிப்பார்கள். சிங்கப்பூரில் வருடம் முழுக்க மழை. அப்படியொரு பருவத்துக்குக் காத்திருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைப் புழு என்றாலே நசுக்கிவிடாதீர்கள், எனக்கு அது மிகவும் வருத்தம் தரும். மட்கு உரத்தில் இருக்கும் புழுவை எடுத்துச் சமதரையில் விடுங்கள். மல்லாந்து, கால்கள் மேலே இருக்க, முதுகாலேயே நகர்ந்து போனால் அது பூ வண்டின் புழு. அது மட்கியதைத் தின்று உரமாக்கும் ஜீவன். திரும்ப உரத்திலேயே விட்டுவிடுங்கள். நல்ல வேருக்கு நடுவே 'சி' போலச் சுருண்டு, பழுப்புத் தலையோடு கிடப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, என்ன செய்வது? இரவு எட்டு மணி வாக்கில் டார்ச்சோடு போய் வண்டுகளைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். சில நாள் தொடர்ந்து செய்தால்தான் குறையும். வாடிய செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரை உதறி, புழுக்களைப் பொறுக்கிவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். வேர் குறைந்திருப்பதால் கிளைகளையும் கொஞ்சம் வெட்டிவிட்டு, சில நாள் நிழலில் வையுங்கள்.

அப்புறம், அந்தப் பழைய மண்ணைக் கீழே பொதுப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். முட்டையும் குட்டிப் புழுவும் மண்ணோடு மண்ணாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.