பிளீடிங்: காற்றகற்றல்

மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக் லீவர் பஞ்சை அமுக்கியதுபோல் மெத்தென்று உள்ளே போனால், பிளீடிங் செய்ய வேண்டும் என்பார் மெக்கானிக். குருதியைக் குறிக்கும் ‘பிளட்’ என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் மூலத்திலிருந்து கிளைத்த பழைய வினை ‘பிளீட்’. குருதி வழிவதையும், சிகிச்சைக்காக மருத்துவர் குருதியை வடிப்பதையும் குறித்த அச்சொல், பிற்பாடு குழாய்களிலும் எந்திரங்களிலும் தங்கிய நீர்மத்தையோ காற்றையோ வெளியேற்றுவதற்கும் பெயராயிற்று.

பிரேக் குழாயில் நிறைந்துள்ள பிரேக் ஆயில் என்ற நீர்மம் எளிதில் சுருங்காததால்தான் லீவரில் கை தரும் அழுத்தம் டிஸ்க்கைப் பற்றி நிறுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வரை குறையாமல் சென்று சேர்கிறது. காற்று சுருங்கக்கூடியது, குழாயில் ஒரு குமிழி தங்கினாலும் லீவரின் நகர்வு அதைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். ஆகவே காலிப்பரில் உள்ள நிப்பிள் என்ற துளையுள்ள சிறு திருகில் ஒளிபுகும் குழாயை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்தி, லீவரைப் பிடித்தபடியே நிப்பிளைத் தளர்த்தி, குமிழிகள் வெளிவந்ததும் அதை இறுக்கிய பிறகே லீவரை விட வேண்டும். மேலுள்ள கலத்தில் ஆயில் வற்றவிட்டால் மறுபடியும் காற்று புகும்.

இதைத் தமிழில் ‘கசியவிடுதல்’ என்பது பெரும் பிழை. பிரேக் கசிவது ஆபத்தான பழுது, பிளீடிங்கோ பழுதைத் தீர்க்கும் வேலை. ‘வடித்தல்’ சற்று நெருங்கி வந்தாலும், அது வெளிவரும் ஆயிலைச் சொல்கிறதே தவிர, நாம் விரட்ட நினைக்கும் காற்றைச் சொல்வதில்லை. ‘காற்று இறக்குதல்’ டயருக்கு உரியது. பட்டறையில் வழங்கும் ‘ஏர் எடுப்பது’ என்ற தொடரே, ஆங்கிலச் சொல்லைவிடவும் தெளிவாக, வேலையின் நோக்கத்தைச் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதன் வழியில் ‘காற்றகற்றல்’ என்றும், நிப்பிளைக் ‘காற்றகற்றுத் திருகு’ என்றும் எழுதலாம்.

அதே நிப்பிள் வழியாகப் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியது நிரப்புவதையும் சிலர் பிளீடிங் என்கிறார்கள். அதை ‘ஆயில் மாற்றுதல்’ என்று பிரித்துச் சொல்வதே நல்லது. டாட் 4 என்ற தர வகைப் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டிய அதன் கொதிநிலைக்கு, ஈரம் ஏறிய நிலையில் தர அளவு 155 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறி அந்த ஆயில் கொதித்தால் உண்டாவது ஆவிக்குமிழி. ஆறியதும் அது மறைந்துவிடும் என்பதால், அங்கே காற்றகற்றல் மட்டும் போதாது, ஆயிலையே மாற்ற வேண்டும்.