கொப்பியில் மிஞ்சிய தாள்கள்

அவள் கொண்டுவந்தது 120 பக்கக் கொப்பி. கையில் வாங்கியபோதே பாரம் குறைவாகத் தெரிந்தது. உள்ளே பாதித் தாள்கூட இல்லை. ஒரு சொல் பிழைத்தால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாளாம். கம்பி அடித்த கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தால் கம்பிக்கு மற்றப் பக்கத்தில் இருக்கும் அதன் சோடித் தாளும் கழன்று வரும். அதில் ஒழுங்காக எழுதிய பாடம் இருந்தாலும் அதையும் திருப்பி எழுதவேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை. இரவு ஒரு மணிவரை விழித்திருந்தும் பாடம் பின்னுக்கே நின்றது. கவனம் போதாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பட்டது நேர்மாறு. (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

வன்னியில் உளவளத்துணை வேலை செய்யும் எனக்கு இப்படிப்பட்டவர்கள் புதிதில்லை. ஆனால் ஒருவரும் இதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலையிடி, வயிற்றுக்குத்து, நித்திரையின்மை என்றுதான் வருவார்கள். பேசப் பேசத்தான் அடியில் கிடப்பது தெரியும்: எதையும் பிழையே இல்லாமல் செய்யவேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. இதைப் பூரணத்துவம் என்பார்கள். ஊரில் இது வருத்தமாக எண்ணப்படுவதில்லை, "சரியான நுணுக்கமான பிள்ளை" என்று பாராட்டே கிடைக்கும்.

பாராட்டுக்குரிய நுணுக்கமும் இருக்கிறதுதான். 1978இல் டொன் ஹமச்செக் என்ற உளவியலாளர் இதை இரண்டாகப் பிரித்தார். ஒரு வகையினர் உயர்ந்த இலக்கு வைப்பார்கள், உழைப்பார்கள், முடிந்ததும் நிறைவடைவார்கள். நிலைமையைப் பார்த்து இலக்கைச் சற்றுத் தளர்த்தவும் அவர்களுக்குத் தெரியும். மற்ற வகையினருக்கு எவ்வளவு செய்தாலும் போதாது. புள்ளியைப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால் நான் வேறொன்று கேட்பேன்: "நல்ல புள்ளி வந்த அன்றைக்கு என்ன நினைத்தீங்கள்?" இந்தப் பிள்ளை சொன்ன பதில்: "பேப்பர் லேசு மிஸ், எல்லாருக்கும் வந்திருக்கும்." எட்டிப்பிடித்த உடனேயே அந்த இலக்கு மதிப்பிழந்துவிடுகிறது. அப்புறம் எங்கே ஓய்வது?

போல் ஹியூவிட், கோர்டன் பிளெட் என்ற உளவியலாளர்கள் இருவர் 1991இல் பூரணத்துவத்துக்கு மூன்று முகம் என்று எழுதினார்கள். தன்னிடம் எதிர்பார்ப்பது ஒன்று, பிறரிடம் எதிர்பார்ப்பது மற்றொன்று. மூன்றாவது, மற்றவர்கள் என்னிடம் குறையே இல்லாமையை எதிர்பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை. என் அனுபவத்தில் இங்கே அதிகம் காண்பது இந்த மூன்றாவதைத்தான். காரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. 2009இல் எல்லாம் இழந்து, முகாமில் இருந்து, தறப்பாள் கொட்டிலில் திரும்ப வாழ்க்கையைத் தொடங்கிய தாய் தகப்பனின் பிள்ளைகள் இவர்கள். "எங்கட படிப்பு ஓட்டத்திலேயே போச்சு, நீயாவது படி" என்பதில் பிழை இல்லை. அன்புதான். ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழுந்துவிடுகிறது: ஒரு பாடத்தில் சறுக்கினால் அம்மா பட்டதெல்லாம் வீண். ஒரு கொப்பித் தாள் அவ்வளவு பாரத்தைத் தாங்குமா? தாயைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான், பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி புள்ளியாக இருக்கவேண்டாம் என்று.

பரீட்சையில் இதன் விலை தெளிவாகத் தெரியும். உயிரியல் பல்தேர்வில் 50 கேள்விகள், இரண்டு மணித்தியாலம். கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் 24 செக்கனும். தவணைப் பரீட்சையில் இவள் ஏழாவது கேள்வியில் கால் மணித்தியாலம் நின்றுவிட்டாள். தெரியாததால் இல்லை, நூறு வீதம் உறுதி வராததால். கடைசிப் பக்கங்களைத் திறக்கவே நேரம் இருக்கவில்லை.

இதற்கு அறிவுரை வேலை செய்யாது. செய்து பார்த்தால்தான் மனம் நம்பும். சீருடை தைத்து வாழும் ஓர் அக்காவோடு செய்தது நினைவிருக்கிறது. தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைப்பார். தையல் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், ஆனால் ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகுதான் கைக்கு வரும். சனம் வேறு ஆளிடம் போகத் தொடங்கிவிட்டது. மூன்று சட்டைகளை ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று பேசிக்கொண்டோம். கொடுக்க முதல், என்ன நடக்கும் என்று அவர் எழுதிவைக்க வேண்டும். "மூன்றும் திரும்பி வரும், ஊரெல்லாம் கதைப்பார்கள்" என்று எழுதினார். திரும்பி வந்தது ஒன்று, நீளம் குறைக்கச் சொல்லி. பத்து நிமிட வேலை. கதைத்தது ஒருவருமில்லை. அவர் இப்போதும் நல்ல தையல்காரிதான். கழுத்தையும் அக்குளையும் இரண்டு தரம் பார்ப்பார். உள்மடிப்பை விட்டுவிடுவார். எங்கே நுணுக்கம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிவதும் தொழில் திறமைக்குள் அடங்கும்.

அந்தப் பிள்ளைக்கும் நாங்கள் போட்ட விதிகள் சின்னவை. தாள் கிழிப்பதில்லை, பிழையை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுத் தொடர்வது. பல்தேர்வில் மூன்று நிமிடம் தாண்டினால் ஓரத்தில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. முதல் கிழமை கை நடுங்கியதாகச் சொன்னாள். அது எதிர்பார்த்ததுதான். பழகிய வழியை விட்டால் பதற்றம் முதலில் கூடும், பிறகு இறங்கும்.

என் கதையையும் சொல்லவேண்டும். ஒருவரை மருத்துவரிடம் அனுப்பும் கடிதத்தை வசனம் சரியில்லை என்று திருத்தித் திருத்தி எட்டு நாள் வைத்திருந்தேன். எட்டு நாளும் அந்த மனிதர் நித்திரையில்லாமல் இருந்தார். நான் திருத்தியது அவருக்காக இல்லை.

கழுவுவதையோ சரிபார்ப்பதையோ நிறுத்த முடியாமல் ஒருவர் மணிக்கணக்காகச் செய்துகொண்டிருந்தால் அது ஓசிடி என்ற உளநோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை வேறு. சாப்பாடு, நித்திரை குலைந்தாலோ, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு வந்தாலோ காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

கடைசியாக வந்தபோது அவள் புதுக் கொப்பி காட்டினாள். தாள் முழுக்க இருந்தது, அங்கங்கே வெட்டுக் கோடுகளும் இருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் விரலை வைத்து, "மிஸ், இது சரியான ஊத்தை. இதை மட்டும் கிழிக்கட்டா?" என்றாள். உங்கட கொப்பி, உங்கட விருப்பம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மூடிப் பைக்குள் வைத்தாள்.