குனிந்த முதுகு, குளிர்ந்த மூச்சு

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டிவிட்டு இறங்குகிற ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். வண்டியைச் சுவரோரம் சாய்த்த கையோடு, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றிப் பின்பக்கமாக வளைவார். கூடவே ஒரு பெருமூச்சு. குளிர்காலமாக இருந்தால் அந்தப் பெருமூச்சு பாதியிலேயே இருமலாகிவிடும். இருமியதும் கை மறுபடி இடுப்புக்குப் போகும். எனக்கு இது பல வருடப் பழக்கம். முதுகுவலி ஒரு கணக்கு, சளியும் இருமலும் வேறு கணக்கு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு தசை உட்கார்ந்திருக்கிறது என்பது படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. அதற்கு அப்புறம் வருவோம். முதலில் முதுகு.

புதிதாக ஓட்டத் தொடங்குகிறவர்களுக்குத்தான் இந்த வலி வரும் என்று எண்ண வேண்டாம். 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 109 தொழில்முறைப் பந்தய வீரர்களைக் கேட்டார்கள். முந்தைய 12 மாதங்களில் கீழ்முதுகு வலித்ததாகச் சொன்னவர்கள் 58 சதவீதம். உடம்பை அளந்து பொருத்திய சைக்கிள், மசாஜுக்கு ஆள், கூடவே மருத்துவர் என எல்லாம் வாய்த்தவர்களுக்கே இந்தக் கதி.

நிற்கும்போது கீழ்முதுகு உள்நோக்கிச் சற்றுக் குழிந்திருக்கும். சைக்கிளில் ஹேண்டில்பார் கைக்கு எட்ட வேண்டுமானால் முன்னால் சாய வேண்டும். இடுப்பெலும்பே முன்பக்கம் உருண்டு கொடுத்தால் அதன்மேல் நிற்கும் முதுகெலும்பு அதிகம் வளையாமலே சாய்ந்துவிடும். இடுப்பெலும்பு அசைய மறுத்தால், மிச்ச வளைவு முழுவதையும் கீழ்முதுகின் நாலைந்து கணுக்கள் மட்டும் கொடுத்தாக வேண்டும். தொடையின் பின்தசை இறுகிப்போனவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. அந்தத் தசை நாம் உட்காரும் எலும்பிலேயே தொடங்குவதால், பெடல் கீழே போய்க் கால் நீளும் ஒவ்வொரு முறையும் இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுக்கிறது.

குனியக் குனிய முதுகுத் தசைகள் இறுகி உடம்பைத் தாங்கும். முழுக் குனிவை நெருங்கியதும் அவை சட்டென்று வேலையை நிறுத்திவிடும். 1950-களில் ஃப்ளாய்ட், சில்வர் என்ற இருவர் தசைகளின் மின்துடிப்பை அளந்து இதைப் பதிவுசெய்தார்கள். தசை ஓய்ந்த பின் பாரம் முழுவதும் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நார்களுக்கும், எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்குகளுக்கும் கைமாறுகிறது. கொஞ்ச நேரத்துக்கு என்றால் சரி. ஆனால் அந்த நார்களை ஒரே இழுவையில் நெடுநேரம் வைத்திருந்தால் மெல்ல நீண்டுவிடும், புத்தகம் அடுக்கிய மரப்பலகை நாளடைவில் தொய்வதைப் போல. 1992-ல் மெக்கில், பிரவுன் இருவரும் ஆட்களை 20 நிமிடம் முழுக்கக் குனிய வைத்து இதைச் சோதித்தார்கள். நிமிர்ந்து 2 நிமிடம் ஆனபோது முதுகின் விறைப்பு பாதிதான் மீண்டிருந்தது. அரை மணி கழித்தும் தொய்வு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஓட்டம் முழுவதும் ஒன்றும் ஆகாமல், வீட்டு வாசலில் குனிந்து சைக்கிளைத் தூக்கும்போது முதுகு 'களுக்'கென்று பிடித்துக்கொள்வது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பூட்டு தளர்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கதவைத் தள்ளுகிறோம்.

டிஸ்கின் நிலை என்ன? 1999-ல் ஜெர்மனியில் 45 வயதுள்ள ஆரோக்கியமான ஒருவரின் கீழ்முதுகு டிஸ்குக்குள் அழுத்தமானியைப் பொருத்தி ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். உட்கார்ந்து முழுக்கக் குனிந்தபோது 0.83. சைக்கிள்காரர்களுக்குப் புரியும் பாஷையில் சொன்னால் 73 பி.எஸ்.ஐ., 120 பி.எஸ்.ஐ. இரண்டாவது எண், மெல்லிய பந்தய டயருக்கு அடிக்கும் காற்று! ஹேண்டில்பாரில் ஊன்றிய கைகள் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் ஓட்டும்போது அவ்வளவு ஏறாது. கை சோர்ந்து தோள் தொங்கும் மூன்றாவது மணி நேரத்தில் அந்தத் தயவும் குறைந்துபோகும்.

சைக்கிளின் அமைப்பைத் திருத்தினால் வலி குறையுமா? ஒரு விஷயத்தில் நம்பிக்கை தரும் முடிவு இருக்கிறது. முதுகுவலியுள்ள பொழுதுபோக்கு ஓட்டிகளின் சீட்டை, மூக்கு கீழே இறங்கும்படி 10 முதல் 15 டிகிரி சாய்த்துப் பார்த்தார்கள். 70 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு வலி குறைந்தது. சீட் சாயும்போது இடுப்பெலும்பும் கூடவே முன்னால் உருள்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் 15 டிகிரி என்பது வழுக்குப் பாறையில் உட்காருவது மாதிரி. உடம்பு முன்னால் சரியாமலிருக்கக் கைகள் முட்டுக்கொடுத்தே ஓய்ந்துவிடும். இரண்டு டிகிரியில் தொடங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதே என் வழி.

சீட்டின் உயரம் இன்னும் முக்கியம் என்பேன். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும் என்பது நெடுநாள் கணக்கு. அதற்கு மேல் சீட்டை ஏற்றினால் கால் எட்டாமல் இடுப்பு இடமும் வலமும் ஆடும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 5,400 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு ஆட்டம். பின்னால் வருகிற நண்பரிடம் 'என் இடுப்பு ஆடுகிறதா பார்' என்று கேட்டாலே போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

2012-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் வலியுள்ளவர்களையும் வலியில்லாதவர்களையும் அவரவர் சைக்கிளிலேயே 2 மணி நேரம் சாலையில் ஓட்ட வைத்து, முதுகின் வளைவை அளந்துகொண்டே இருந்தார்கள். களைத்த பிறகுதான் வலிக்காரர்களின் முதுகு வளையும் என்றுதான் நானும் ஊகித்திருப்பேன். அவர்களோ முதல் நிமிடத்திலிருந்தே கீழ்முதுகை அதிகம் வளைத்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். நேரம் ஆக ஆகக் கூடியது வலி மட்டுமே. ஆக, ஏறி உட்காரும் அந்த நொடியிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது.

குளிர்காலத்தில் பலர் வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கியில், மாட்டி ஓட்டுவதும் முதுகுக்கு ஒரு சோதனை. சாலையில் இறக்கம் வரும், சிக்னல் வரும், பள்ளத்துக்காகச் சீட்டிலிருந்து எழுந்துகொள்வோம். டிரெய்னரில் இது எதுவும் கிடையாது. ஒரே குனிவில் ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதிக்க மணி அடிக்கும்படி வைத்துக்கொண்டால் நார்கள் நன்றி சொல்லும்.

சரி, அந்த நடுவிலிருக்கும் தசைக்கு வருவோம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம்தான் அது. மூச்சை உள்ளே இழுப்பது அதன் வேலை என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கீழிறங்கி வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும்போது முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு முட்டு கிடைக்கிறது, காற்றடைத்த பந்தை வயிற்றுக்குள் வைத்ததுபோல. கையை வேகமாக அசைத்தால்கூட உதரவிதானம் முதுகைத் தாங்க முன்கூட்டியே இறுகுகிறது. 2001-ல் ஹாட்ஜஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்கள் கையைத் திரும்பத் திரும்ப அசைத்துக்கொண்டிருக்க, அவர்களின் மூச்சுத் தேவையை அதிகமாக்கினார்கள். ஒரு நிமிட அளவிலேயே உதரவிதானம் முதுகைத் தாங்கும் வேலையைக் குறைத்துக்கொண்டது. மூச்சா முதுகா என்று வந்தால் உடல் தயங்குவதில்லை, மூச்சுக்குத்தான் முன்னுரிமை.

ஏற்றத்தில் மூச்சிரைக்கும்போது முதுகு ஏன் முனகுகிறது என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. மூக்கடைத்து, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடவே கூடுதல் பாடுபடும் வாரத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 38,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை வைத்து 2006-ல் வெளியான ஆய்வில், உடல்பருமனையும் உடற்பயிற்சி அளவையும் விட மூச்சுக் கோளாறுகள்தான் முதுகுவலியோடு நெருக்கமாகச் சேர்ந்து வந்தன. ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துப் பார்ப்பது சரியில்லை என்று சொல்ல இது போதும்.

குளிர்க்காற்று தொண்டையை என்ன செய்கிறது? சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். கடுமையாக மிதிக்கும்போது அது 100 லிட்டரைத் தாண்டும். 35 லிட்டர் வாக்கில் மூக்கு கைவிரித்துவிட, வாய் திறந்துகொள்கிறது. காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்பும் மூக்கின் வேலையை இனி மூச்சுக்குழாய்களே பார்க்க வேண்டும். உறைநிலையில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் நீராவியைத்தான் சுமக்கும். நுரையீரலுக்குள் 37 டிகிரியில் அதற்கு 44 கிராம் தேவை. நிமிடத்துக்கு 80 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் மூச்சிழுத்தால், உள்ளே போகும் காற்றை நனைக்கவே கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சுக்குழாய்களின் சுவர்கள் சுரந்தாக வேண்டும். அதில் கொஞ்சம்தான் வெளிமூச்சில் திரும்பக் கிடைக்கும். சுவரிலுள்ள ஈரப்படலம் வறண்டு உப்பு அடர்த்தி கூட, அங்குள்ள செல்கள் எரிச்சலூட்டும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. குழாய் சுருங்குகிறது. ஓட்டி முடித்த பத்து நிமிடத்தில் வரும் அந்த வறட்டு இருமல் பெரும்பாலும் இதுதான். மெல்லிய துணியால் வாயை மூடிக்கொண்டால், வெளிமூச்சின் ஈரம் துணியில் தங்கி அடுத்த மூச்சுக்கு உதவும்.

ஆக, எல்லா இருமலும் கிருமியால் வருவதில்லை. 2007-ல் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வீரர்களையும் சைக்கிள் வீரர்களையும் ஐந்து மாதம் பின்தொடர்ந்த ஆய்வில், சளி, தொண்டைவலி என 37 முறை நோய் பதிவானது. பரிசோதித்ததில் 11 முறை மட்டுமே கிருமி அகப்பட்டது.

அதற்காகக் கிருமியை இளக்காரமாக நினைக்கவும் கூடாது. ஜலதோஷத்தின் முக்கியக் காரணமான ரைனோவைரஸ் 37 டிகிரியைவிட 33 டிகிரியில் நன்றாகப் பெருகும். குளிரில் ஓட்டுபவரின் மூக்கின் உட்புறம் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு. வைரஸுக்குச் சூடு பிடிக்காது என்பதோடு கதை முடியவில்லை. குளிர்ந்த செல்களின் எதிர்ப்பும் மந்தமாக இருக்கிறது என்று 2015-ல் எலிகளின் மூச்சுக்குழாய்ச் செல்களில் பார்த்தார்கள். 'குளிரில் போகாதே, சளி பிடிக்கும்' என்று திட்டிய பாட்டிகளிடம் பாதி மன்னிப்பாவது கேட்கலாம்.

நெடுந்தூர ஓட்டம் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்குமா என்பதில் சண்டை ஓயவில்லை. 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானுக்குப் பின் வந்த வாரத்தில், ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் நோயுற்றதாகச் சொன்னார்கள். பயிற்சி பெற்றும் அன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதம். ஓட்டத்துக்குப் பின் ரத்தத்தில் வெள்ளணுக்களில் ஒரு வகை (லிம்போசைட்) குறைவதையும் இதோடு சேர்த்து, சில மணி நேரம் கிருமிகள் நுழைய உடலின் ஜன்னல் திறந்து கிடக்கிறது என்றார்கள். 2018-ல் கேம்ப்பெல், டர்னர் இருவரும் இதை மறுத்தார்கள்: அணுக்கள் அழிவதில்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போகின்றன என்பது அவர்கள் வாதம். மாரத்தான்காரர்கள் சொன்ன நோயில் எத்தனை பங்கு வறண்ட தொண்டை என்பதும் தெரியாது. எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. ஓட்டத்தைவிட, அதற்காக அதிகாலை நாலு மணிக்கு எழுந்து தூக்கத்தைத் தொலைப்பதைத்தான் நான் சந்தேகப்படுவேன். 2009-ல் 153 பேரின் மூக்கில் ரைனோவைரஸ் சொட்டுமருந்தை விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 8 மணி நேரம் தூங்குபவர்களைவிட கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வைட்டமின் சி? சாதாரண மக்களுக்குச் சளியைத் தடுப்பதில்லை. மாரத்தான் வீரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவத்தினர் ஆகியோரிடம் மட்டும் சளி பாதியாகக் குறைந்தது.

காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச்சளி என்றால் சைக்கிளைத் தொடக் கூடாது. வைரஸ் இதயத்தசையைத் தாக்கியிருக்கும் நேரத்தில் கடுமையாக உழைப்பது ஆபத்து. வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக ஓட்டலாம். ரைனோவைரஸ் தொற்றிய பின் மிதமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோய் நீளவும் இல்லை, முற்றவும் இல்லை.

சளியில் படுத்து எழுந்த பிறகு ஓட்டும் முதல் நாளில் முதுகையும் கவனிக்க வேண்டும். படுக்கையில் டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்வரை உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க் வளைய மறுக்கும். விடிகாலையில் குனியும்போது டிஸ்கின் மேல் விழும் வளைவுச் சுமை, பிற்பகலில் விழுவதைவிடப் பல மடங்கு என்று 1987-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தாலே நாள்பட்ட முதுகுவலி குறைகிறது என்று 1998-ல் காட்டினார்கள். ஆக, சளி விட்ட பிறகு முதல் ஓட்டத்தை விடியலில் வைக்காமல் மதியத்துக்குத் தள்ளுங்கள். ஹேண்டில்பாரின் மேற்பகுதியைப் பிடித்து ஓட்டுங்கள்.

சீட் அழுத்தத்தால் அந்தரங்கப் பகுதி மரத்துப்போவது சகஜம். இறங்கிய சில நிமிடங்களில் சரியாகிவிடும். மரமரப்பு போகாமலே இருந்தாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஓட்டும்போது இருமல் வந்தால் மட்டும் நான் ஒன்று செய்கிறேன். மிதிப்பதை நிறுத்தி, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பை முன்னால் உருட்டி முதுகை நேராக்கிக்கொண்டு, அப்புறம்தான் இருமுவேன். பின்னால் வருகிறவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை.